ஹைக்கூ: கைவிடப்பட்ட ஓர் இயங்குதளத்தின் மறுவாழ்வு

வரலாற்று ஏடுகள் பெரும்பாலும் வென்றவர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. தோற்ற பின்னரும் தம் நிலத்தை விட்டகலாது உழுதுண்டு வாழ்ந்தோரை அவை அரிதாகவே நினைக்கின்றன. கணினியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. உலகின் மேசைக் கணினிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோசும், அதற்கடுத்து ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கும் ஆள்கின்றன. திறமூல இயங்குதளங்களுள் பலரும் அறிந்த பெயர் லினக்ஸ் ஒன்றே. எனினும், இவற்றுக்கு அப்பால், ஒரு சிறு கூட்டத்தினர் தம் மேசையில் நாள்தோறும் இயக்கிவரும் இயங்குதளம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஹைக்கூ. உரிமையாளர் கைவிட்டதைப் பயனாளர் கையேற்று வளர்த்த வரலாறு அதனுடையது.

பீ நிறுவனத்தின் தோற்றம்

கணினியின் பொறிகளுக்கும் மனிதன் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்துவதே இயங்குதளத்தின் பணியாகும். 1980களில் உருவான இயங்குதளங்கள் எழுத்தையும் எண்ணையும் கையாள்வதற்கென அமைந்தவை. ஒலியும் அசையும் படமும் கணினிக்குள் புகுந்தபோது, பழைய அடித்தளத்தின் மேல் புதிய மாடிகள் எழுப்பப்பட்டன. அடித்தளத்தையே புதிதாக இடவேண்டும் என எண்ணியவர் ழான்-லூயி காசே. பிரான்சு நாட்டவரான இவர், ஆப்பிள் நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்து, 1990ஆம் ஆண்டு அங்கிருந்து விலகிப் 'பீ' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

1995ஆம் ஆண்டு அந்நிறுவனம் 'பீபாக்ஸ்' என்னும் கணினியை வெளியிட்டது. ஒரு செயலகம் கொண்ட கணினியே எங்கும் வழங்கிய அக்காலத்தில், இதனுள் இரண்டு செயலகங்கள் இருந்தன. இதற்கென எழுதப்பட்ட 'பீஓஎஸ்' இயங்குதளம், பணிகளைச் சிறு சிறு இழைகளாகப் பிரித்து இரண்டு செயலகங்களுக்கும் பங்கிட்டுத் தந்தது. அதனால், பல படக்காட்சிகள் ஒருங்கே ஓடும்போதும் சாளரங்கள் தயங்காமல் திறந்தன. கோப்பு ஒவ்வொன்றோடும் அதன் பண்புகளையும் சேர்த்து வைத்து, வேண்டியபோது அப்பண்புகளைக் கொண்டே தேடியெடுக்கும் கோப்பு முறைமையை டொமினிக் ஜியாம்பாலோ, சிரில் மெரியோன் ஆகிய இருவரும் வடித்துத் தந்தனர்.

நழுவிய வாய்ப்பு

1996ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம், தன் பழைய இயங்குதளத்திற்கு மாற்றுத் தேடி அலைந்தது. பீ நிறுவனத்தோடு பேச்சு நடந்தது, விலை படியவில்லை. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஆப்பிள், ஸ்டீவ் ஜாப்சின் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்க முடிவு செய்து, அதற்கென 400 மில்லியன் டாலருக்கும் மிகுதியாக ஈந்தது. இன்றைய மேக் இயங்குதளத்தின் வேர் அந்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் படைப்பேயாகும். பேரம் படிந்திருப்பின் அவ்விடத்தில் பீஓஎஸ் அமர்ந்திருக்கக்கூடும்.

பீபாக்ஸ் கணினியின் உற்பத்தி 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. 1998இல் இண்டெல் செயலகக் கணினிகளுக்கேற்ற பதிப்பு வந்தது. 2000ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பின் ஒரு வடிவம் இலவசமாகவே வழங்கப்பட்டது. ஆயினும், கடையில் வாங்கும் கணினியில் முன்னரே அமர்ந்திருக்கும் இயங்குதளத்தை மாற்ற முற்படுவோர் மிகச் சிலரே. தன் இயங்குதளத்தைக் கணினி உற்பத்தியாளர் சேர்த்து விற்காதவாறு மைக்ரோசாப்ட் தடுத்தது என்று 2002இல் பீ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 23.25 மில்லியன் டாலர் தந்து மைக்ரோசாப்ட் 2003இல் உடன்பாடு கண்டது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே, பீ நிறுவனத்தின் அறிவுச் சொத்துகளை 11 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளுக்குப் பெற்றுக்கொள்ளப் பாம் நிறுவனம் உடன்பட்டிருந்தது. பீஓஎஸ் அத்தோடு வளர்ச்சி அற்றது.

பயனாளர் ஏற்ற பொறுப்பு

உரிமையாளர் மறைந்தபின் மூடிய மென்பொருளுக்கு நேர்வது யாது? மூல நிரல் பெட்டகத்துள் உறங்கும். புதிய பொறிகள் வரும்போது பழைய மென்பொருள் அவற்றை அறியாது திகைக்கும். சில ஆண்டுகளில் அதை இயக்கும் கணினியே இல்லாது போகும். பீஓஎஸ் பயனாளர்கள் இதனை நன்கு உணர்ந்தனர். அதே ஆகஸ்ட் மாதத்தில் மைக்கேல் ஃபிப்ஸ் என்பவரின் முனைப்பால் 'ஓப்பன்பீஓஎஸ்' என்னும் திட்டம் எழுந்தது. பழைய மூல நிரல் அவர்களுக்குக் கிட்டவில்லை. கோப்புச் சாளரங்களை நடத்தும் 'டிராக்கர்' என்னும் பகுதியையும் அதனைச் சார்ந்த பணிப்பட்டையையும் மட்டுமே பீ நிறுவனம் முன்னரே திறமூலமாக்கியிருந்தது. ஏனைய அனைத்தையும் புதிதாக எழுதவேண்டியிருந்தது.

அவர்கள் மேற்கொண்ட முறை கருதத்தக்கது. குடியிருக்கும் வீட்டில் இருந்துகொண்டே ஒவ்வொரு தூணாக மாற்றுவதுபோல, பீஓஎஸின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஈடான புதிய உறுப்பைச் செய்தனர். கருநிரலுக்கு, பீ நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய டிராவிஸ் கைசல்பிரெக்ட் எழுதிய 'நியூஓஎஸ்' அடிப்படையாயிற்று.

பெயர் குறித்து வணிகக் குறி உரிமைச் சிக்கல் எழவே, 2004ஆம் ஆண்டு திட்டம் 'ஹைக்கூ' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பீஓஎஸின் வலை உலாவி, கேட்ட பக்கத்தைக் கொணர இயலாதபோது, வறண்ட பிழைச் செய்திக்கு மாறாக ஒரு ஹைக்கூக் கவிதையைக் காட்டும் வழக்கமுடையது. அந்நினைவே இப்பெயருக்கு ஊற்று. தமிழ்க் கவிதை உலகம் நன்கறிந்த ஜப்பானியச் சிறுவடிவம் ஒன்று, இவ்வாறு ஒரு பொறியியல் முயற்சிக்கும் பெயராயிற்று. சுருக்கத்தையும் தெளிவையும் நாடும் அம்முயற்சிக்கு அப்பெயர் பொருந்தியே உள்ளது.

2008ஆம் ஆண்டு ஹைக்கூவின் மூல நிரலை ஹைக்கூவிற்குள்ளேயே தொகுத்து ஹைக்கூவை உருவாக்க முடிந்தது. கட்டுவோர் தாம் கட்டும் வீட்டிலேயே குடியேறிய நாள் அது. 2009 செப்டம்பரில் முதல் ஆல்ஃபா பதிப்பும், 2012இல் நான்காம் ஆல்ஃபா பதிப்பும் வந்தன. அடுத்த நிலையான முதல் பீட்டா பதிப்புக்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பரில் வெளிவந்தது. தொடங்கி இருபத்து மூன்று ஆண்டுகள் கடந்தும், 'முதற் பதிப்பு' என்னும் பெயரை அது அப்போதும் சூடிக்கொள்ளவில்லை. பெரும்பாலும் ஓய்வு நேரத்தை ஈந்த தன்னார்வலர்களின் உழைப்பு இது என்பதை எண்ணினால், காலத் தாழ்வு வியப்புக்குரியதன்று; கைவிடாமையே வியப்புக்குரியது.

அன்றாடப் பயன்பாடு

ஓர் இயங்குதளத்தை ஒருநாள் இயக்கிப் பார்த்து வியப்பது வேறு. அதிலேயே கடிதம் எழுதி, கணக்குப் பார்த்து, செய்தி படித்து, பிழைப்பு நடத்துவது வேறு. ஹைக்கூவை நாள்தோறும் பயன்படுத்துவோர் பெறும் நன்மைகள் உண்மையானவை. பழைய கணினியிலும் அது விரைவில் விழித்தெழுகிறது. மின்னஞ்சல் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இருந்து, அனுப்பியவர், பொருள், நாள் ஆகியவற்றைப் பண்புகளாகச் சுமக்கிறது. எனவே, கடந்த மாதம் ஒருவர் விடுத்த மடல்களை மட்டும் தேட, தனிச் செயலி வேண்டுவதில்லை. கோப்புச் சாளரமே போதும். மஞ்சள் நிறத் தலைப்புகளையுடைய சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும், பக்கத்தில் ஒட்டியும் ஒரே தொகுதியாக நகர்த்தலாம். பீஓஎஸ் காலத்துச் செயலிகள் பலவும் அதன் 32 பிட் பதிப்பில் இன்றும் இயங்குகின்றன.

குறைகளும் உண்மையானவையே. அது ஒருவர் பயன்படுத்தும் கணினிக்கென அமைந்தது. குடும்பத்தார் பலர் தனித்தனிக் கணக்கோடு புழங்கும் ஏற்பாடு அதில் வளரவில்லை. புதிய கணினியின் கம்பியில்லா இணைப்புப் பொறியோ ஒலிப் பொறியோ இயங்காமற் போவதுண்டு. எல்லாவற்றினும் பெரிய இடர் வலை உலாவியே. இன்றைய வலைப்பக்கம் ஒன்று ஒரு முழுச் செயலிக்கு நிகரான சுமையுடையது. அதற்கீடான உலாவியைப் பேணுவது சிறு குழுவுக்கு எளிதன்று. பிற தளங்களின் செயலிகளைக் கொணர்வதால் இக்குறை ஓரளவு நீங்கியது. 2018இல் லிபர் ஆபிஸ் அலுவலகச் செயலி வந்தது; 2024இல் ஃபயர்பாக்ஸின் ஒரு வடிவமும் வந்து சேர்ந்தது.

லினக்ஸ் இலவசமாகக் கிடைக்க, இத்துணை இடர்ப்பட்டு இதனைப் பயன்படுத்துவானேன் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. லினக்ஸ் மேசைத் தளங்கள், பலர் தனித்தனியே செய்த உறுப்புகளைக் கோத்தெடுத்தவை. ஹைக்கூவில் கருநிரல் முதல் சாளரத் தலைப்பு வரை ஒரே குழுவின் ஒரே நோக்கில் அமைந்தவை. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. நாள்தோறும் பயன்படுத்துவோர் இல்லையேல் குறைகள் வெளிப்படா. அச்சிட முனைபவனே அச்சுப் பிழையைக் காண்கிறான். நெடுநேரம் இயக்குபவனே நினைவகக் கசிவைக் காண்கிறான். அவன் எழுதி அனுப்பும் குறைப்பட்டியலே அடுத்த பதிப்பின் பணிப்பட்டியலாகிறது. நிரல் எழுதத் தெரியாதவனும் இவ்வாறு அதனை ஆக்குவோருள் ஒருவனாகிறான்.

பேழைக்குள் வைத்துக் காப்பதால் ஒரு கருவி அழியாதிருக்கலாம், ஆனால் வாழாது. பேசுவோர் நாவில் மொழி வாழ்வதுபோல, புழங்குவோர் கையிலேயே கருவி வாழ்கிறது. பெருமுதலும் விளம்பரமும் துணைநின்ற பீஓஎஸ் பதினோர் ஆண்டுகளில் முடிந்தது. முதலற்ற சிலர் எடுத்து நாள்தோறும் புழங்கிய ஹைக்கூ அதனினும் இருமடங்கு காலம் கடந்து நிற்கிறது. வெற்றியை விற்பனையால் மட்டும் அளப்போர்க்கு இது சிறு செய்தி. விடாது பேணுதலையும் வெற்றியென மதிப்போர்க்கு இது நினைவில் நிறுத்தத்தக்க வரலாறாகும்.