சகக் காவலரிடம் சொல்லும் ரகசியம்: திருச்செங்கோடு உட்கோட்டத்தை முன்வைத்து

2015 செப்டம்பர் 18 அன்று திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா தற்கொலை செய்துகொண்டார். வயது 27. இளைஞர் கோகுல்ராஜின் கொலை வழக்கை அப்போது அவர்தான் விசாரித்துவந்தார். அவரது மரணத்தை முதலில் சி.பி.சி.ஐ.டி.யும் பின்னர் சி.பி.ஐ.யும் விசாரித்தன. காரணம் பற்றிய சர்ச்சைக்குள் இக்கட்டுரை போகவில்லை. டி.எஸ்.பி. நிலையிலேயே இப்படி நேர்ந்திருக்க, பக்கத்து மல்லசமுத்திரம் ஸ்டேஷன் ஏட்டு ஒருவருக்கு மனம் தாளாமல் போனால் யாரிடம் வாய்திறப்பார் என்பதே இங்கு கேள்வி.

மேலதிகாரியிடம் முடியாது. விடுப்பு, இடமாறுதல், 3(பி) ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு எல்லாம் மேலிருந்தே வருகின்றன. பக்கத்தில் இருப்பவரிடமும் முழுதாகச் சொல்ல முடியாது. ஸ்டேஷனில் நடப்பதை நாமக்கல் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தெரிவிக்கவே தனிப்பிரிவுக் காவலர் இருக்கிறார். அது அவருக்கு இட்ட பணி. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காலை ரோல்காலில் கண் கலங்கியது மாலைக்குள் நாமக்கல் போய்ச் சேருமோ என்ற அச்சம் அங்கே எல்லாருக்கும் இயல்பு. சங்கமாகக் கூடிப் பேசலாமென்றால், 1966ஆம் ஆண்டுக் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம் முன்அனுமதியின்றி அதற்கு இடம் தருவதில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு காவலர்களுக்கான நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கியது. காவல்துறையினர் சிலரே பயிற்றுநர் ஆனார்கள். பின்னர் காவலர் மனநலத்துக்கான 'மகிழ்ச்சி' திட்டம் வந்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. எனினும் பயிற்சி வகுப்பில் நாற்பது பேர் நடுவே கேட்பது வேறு, நள்ளிரவில் ஒருவரை அழைத்து அழுவது வேறு. இரண்டாவதற்குச் சட்டக் காப்பு வேண்டும்.

அந்தக் காப்பு இப்போது அரைகுறையாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் கடமை சிகிச்சை தருவோருக்கு உரியது. தோள்கொடுக்கும் சகக் காவலர் மருத்துவர் அல்லர். சாட்சியச் சட்டம் வக்கீலுக்கும் வாழ்க்கைத் துணைக்கும் தரும் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. துறை விசாரணையில் "அவர் உன்னிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டால், மறுக்க அவருக்கு எந்த ஆதாரமும் இல்லை. அமெரிக்கா 2021 நவம்பரில் தன் கூட்டாட்சிக் காவலர்களுக்கு இந்த இடைவெளியைச் சட்டத்தால் அடைத்தது.

துப்பாக்கி ஏந்தும் ஒருவரின் துயரத்தை மூடிவைப்பது ஆபத்து என்பார்கள். நியாயமான கவலை. அதனால்தான் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் விதிவிலக்கு வேண்டும். அமெரிக்கச் சட்டத்திலும் அது உண்டு. ஆனால் விதிவிலக்கு விரிந்து விதியையே விழுங்கிவிட்டால், சொல்லவேண்டியவர் சொல்லவே மாட்டார். அப்போது ஆபத்து நம் கண்ணுக்கே படாது.

தீயணைப்பு வீரரையும் 108 ஆம்புலன்ஸ் ஊழியரையும் இந்தக் காப்பில் சேர்க்க வேண்டும். இப்பகுதிக் கிணறுகளில் கயிறு கட்டி இறங்கிப் பிணத்தைத் தூக்கி வருபவர் தீயணைப்பு வீரர்தான். சில நேரம் அது குழந்தை. 108 ஊழியர் அரசு ஊழியரே அல்லர்; காவல்துறை நலத்திட்டம் எதுவும் அவரை எட்டாது.

சேலம் மாவட்ட எல்லை மல்லசமுத்திரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே இங்குள்ளவருக்குத் துணைநிற்பவர், இந்த எஸ்.பி.க்குக் கீழ் வராத சேலம் மாவட்டத்திலிருந்து வரட்டும். சந்திப்பு ஸ்டேஷன் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் ஏறக்கூடாது, பதவி உயர்வுக் கோப்பிலும் நுழையக்கூடாது. ரகசியம் கசிந்தால் நடவடிக்கை கசியவிட்டவர்மேல் இருக்க வேண்டும், சொன்னவர்மேல் அல்ல.