பற்குழி உட்பூச்சு

லைனர் எனப்படும் பற்குழி உட்பூச்சு, சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் குழியின் அடியில் மெல்லிய படலமாகத் தடவப்படும் பொருள். இதன்மேல்தான் அடைப்பு வைக்கப்படும். பற்கூழைக் காக்க வந்த இது, பல் நிறக் காம்போசிட் அடைப்புகள் பரவியபின் விளிம்பில் நேரும் நுண்கசிவைத் தடுக்கும் வேலையையும் ஏற்றது.

கசிவின் காரணம்

நீல ஒளி பட்டு இறுகும்போது காம்போசிட் கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். எனாமலில் அதன் பிடி உறுதியானது. எனாமல் மெலிந்து மறையும் ஈறோரத்தில், எனாமலுக்கு அடியிலுள்ள ஈரமான டென்டினிலிருந்து விலகி இடைவெளி விடும். அதன் வழியே உமிழ்நீரும் பாக்டீரியாவும் இறங்கினால் பல் கூசும், விளிம்பு கறுக்கும், அடைப்பின் அடியில் மறுபடியும் சொத்தை விழும்.

வரலாறு

கால்சியம் ஹைட்ராக்சைடை 1920இல் ஜெர்மானியர் ஹெர்மன் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அது புது டென்டின் உருவாகத் தூண்டும். ஆனால் பல்லோடு ஒட்டாது, ஈரம் கசிந்தால் கரையும். கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினாலும் துத்தநாக ஆக்சைடும் சேர்ந்த கலவை, வெள்ளி அடைப்பின் அடியில் நன்றாக உழைத்தது. காம்போசிட்டின் அடியிலோ, அந்தக் காம்போசிட் இறுகுவதையே யூஜினால் கெடுத்தது.

எனாமலை அமிலத்தால் அரித்து ஒட்டும் முறையை 1955இல் அமெரிக்கர் புவோனகோரே வெளியிட்டார். டென்டினில் ஒட்டுவதற்கு விடை லண்டனிலிருந்து வந்தது. வில்சனும் கென்ட்டும் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் டென்டினோடு வேதிப் பிணைப்பில் ஒட்டும், ஃப்ளோரைடும் வெளியிடும். அதை அடியில் வைத்து மேலே காம்போசிட் அடைக்கும் ‘சாண்ட்விச்’ முறையை மெக்லீனும் வில்சனும் 1977இல் முன்வைத்தனர். ஈறோரத்தில் வெளியே தெரியும்படி வைத்தபோது பழைய அயனோமர் நாளடைவில் கரைந்தது. பிசின் கலந்த வகை அந்தக் குறையைக் குறைத்தது. 1982இல் ஜப்பானியர் நாகபயாஷி, பிசின் டென்டினுக்குள் ஊடுருவி உண்டாக்கும் கலப்பு அடுக்கை விளக்கினார். ஒட்டுப்பசைகள் மேம்பட, ஆழமற்ற குழிகளில் உட்பூச்சின் தேவை சுருங்கியது.

சோதனை முறை

பல் சீரமைப்புக்காகப் பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களில் குழி வெட்டி அடைப்பார்கள். 5, 55 டிகிரி செல்சியஸ் நீரில் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான முறை மூழ்க வைப்பார்கள். அடைப்பைச் சுற்றி 1 மில்லிமீட்டர் விட்டு, மீதிப் பல்லுக்கு நகப்பூச்சு பூசி மெத்திலீன் நீலத்தில் ஊறவைத்து நெடுக அறுப்பார்கள். சாயம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அதுவே கசிவின் மதிப்பெண். இச்சோதனைகளில் ஈறோர விளிம்பில் அயனோமர் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஆனால் வாயில் நடந்த 8 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அடைத்தபின் வரும் கூச்சத்தை உட்பூச்சு குறைப்பதாக உறுதியான சான்று காணவில்லை.

கிருஷ்ணகிரி வட்டாரம்

உட்பூச்சு உதவாத கசிவும் உண்டு. தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டமும் அண்டைத் தருமபுரியும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்தவை. ஃப்ளோரைடு மிகையால் கறை படிந்த எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் அரிபடாது. அதனால் கசிவு எனாமல் விளிம்பிலேயே தொடங்கக்கூடும். டென்டின்மேல் தடவும் உட்பூச்சு அதற்கு மருந்தாகாது. மேலடுக்கைச் சற்று உரசிவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைப்பதே வழக்கம். இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. நிலைப்பற்களின் எனாமல் பெரும்பாலும் 8 வயதுக்குள் உருவாகிவிடுவதால், திட்டம் வருமுன் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு மேலடுக்கை உரசும் இந்த முன்னேற்பாடு இன்னும் தேவைப்படுகிறது.