முதியோர் சம்மதம்: திருநாதர்குன்று முதல் தங்கவயல் வரை

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய பாறை இருக்கிறது. அங்குள்ள பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்விட்ட இடம் இது என்கிறது. ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டினது. கல்லில் நோன்பிருந்தவர் பெயர் இருக்கிறது. அவருக்காக முடிவெடுத்தவர் என்று யார் பெயரும் இல்லை.

இதைச் சல்லேகனை என்பர். தீராத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகிய நான்கு நிலைகளிலேயே இதற்கு இடமுண்டு என்று சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வரையறுத்தார். சாக வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றம்; இன்னும் வாழ வேண்டும் என்று ஆசைப்படுவதும் குற்றம் என்றார். உற்றாரிடம் மன்னிப்புக் கேட்டு, தெளிந்த மனத்தோடு தானே ஏற்பதுதான் விரதம். அந்த நோன்பை இங்கே நான் பரிந்துரைக்க வரவில்லை. முடிவு அவரவருடையது என்ற நெறியைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த நெறியைப் புத்தகத்தில் படித்த நானே வீட்டில் தவறினேன். 28.2.2001-இல் சுரங்கம் மூடியபின் தங்கவயல் பிள்ளைகள் பிழைப்புக்கு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறினார்கள். பெரியவர்கள் ஊரில் தங்கினார்கள். நோய் முற்றினால் அவர்களையும் பெங்களூருக்குத்தான் கொண்டுபோவோம். 2009-இல் ஆண்டர்சன்பேட்டையில் கடை வைத்திருந்த என் தகப்பனாரையும் அப்படிக் கொண்டுபோனோம். டாக்டர் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கேட்டார். நானும் தம்பியும் பதில் சொன்னோம், கையெழுத்தும் போட்டோம். அப்பாவுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. மறுநாள் என்னைப் பார்த்து, "என் ஒடம்பப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாப்பா?" என்றார். நாலாம் நாள் போய்விட்டார். வீட்டுக்குப் போக நினைத்தாரோ, வைத்தியம் தொடர நினைத்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்று சட்டமும் இதே பக்கம் வந்திருக்கிறது. சுயநினைவுள்ள நோயாளி எந்தச் சிகிச்சையையும் ஏற்கலாம், மறுக்கலாம். பேச முடியாத நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் 'லிவிங் வில்' செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 9.3.2018-இல் தீர்ப்பளித்தது. 24.1.2023-இல் முறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தம் சார்பில் பேச வேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். மனம் மாறினால் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். கர்நாடக அரசு 30.1.2025-இல் இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை விட்டது.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரி வாசலில் கேட்க நேரமிருக்காது. பெற்றோர் திடமாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேளுங்கள்: எது வேண்டும், எது வேண்டாம், கடைசி நாட்களில் எங்கே இருக்க விருப்பம்? டாக்டர் சொல்வதை நாமே சுருக்கிவிடாமல் அப்படியே அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் பதில் நமக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள்.