அளவும் விகிதமும்: உலாவியில் அசைபடத்தின் இடம் (1993–2021)

உலாவியில் ஓர் அசைபடம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? படத்தை உருவாக்கியவரா, பக்கத்தை வடிவமைத்தவரா, திரையைக் கையில் வைத்திருப்பவரா? இக்கேள்விக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. படத்தின் விகிதத்தையும் அது தோன்றும் இடத்தின் அளவையும் பிரித்துக் கையாண்ட தீர்வுகள் நிலைத்தன. இரண்டையும் ஒரே பிக்சல் கணக்கில் கட்டிவைத்தவை, புதிய திரை வந்ததும் தடுமாறின.

1993இல் மார்க் ஆண்ட்ரீசன் படத்துக்கான குறிச்சொல்லை முன்மொழிந்தபோது உலாவிக்கு அசைபடம் என்ற சிக்கலே இல்லை. ஜிஃப் வடிவத்தின் 1989 பதிப்பு பல சட்டகங்களை ஒரே கோப்பில் அடக்கியது, நெட்ஸ்கேப் 2.0 அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டியது. அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும் பண்புகள் இக்காலத்தில் இரட்டை வேலை பார்த்தன. மெதுவான தொலைபேசி இணைப்பில் படம் வந்து சேருமுன் அதற்கு இடம் ஒதுக்கின. படத்தின் தோற்ற அளவையும் தீர்மானித்தன. 300×200 படத்துக்கு 200×200 என்று எழுதினால் உலாவி மறுபேச்சின்றி அதை நெருக்கிக் காட்டியது. பெரிதாக்கினாலோ பிக்சல்கள் படிக்கட்டுகளாகத் தெரிந்தன.

படத்தின் விகிதத்தையும் இடத்தின் அளவையும் பிரித்துக் காட்டியதே பிளாஷின் முக்கியப் பங்களிப்பு. 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் மேக்ரோமீடியாவின் கைக்குப் போன இம்மென்பொருள் கோட்டுருவங்களைக் கொண்டு இயங்கியதால் எந்த அளவிலும் கூர்மை குன்றவில்லை. படைப்பாளியின் மேடை ஒரு செவ்வகம், பக்கத்தில் அதற்குக் கிடைக்கும் இடம் மற்றொரு செவ்வகம். இயல்பான 550×400 மேடையை 1100×600 இடத்தில் வைப்பதாகக் கொள்வோம். பொருத்தும் முறை 'ஷோஆல்' என்றால் படம் 825×600 ஆகிப் பக்கவாட்டில் 275 பிக்சல் வெறுமையாகும். 'நோபார்டர்' என்றால் 1100×800 ஆக விரிந்து, உயரத்தில் 200 பிக்சல் வெட்டுப்படும். 'எக்ஸாக்ட்ஃபிட்' வட்டத்தை நீள்வட்டமாக்கும். 'நோஸ்கேல்' 550×400ஐ அப்படியே விடும்.

2001இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரைத்த எஸ்விஜி 1.0 என்ற கோட்டுருவத் தரம், 'மீட்', 'ஸ்லைஸ்', 'நன்' என்ற சொற்களில் முதல் மூன்று வழிகளையும் தந்தது. பிற்காலச் சிஎஸ்எஸ்ஸின் 'ஆப்ஜெக்ட்-ஃபிட்' பண்பில் நான்கும் உண்டு. பிளாஷ் ஒரு தனியார் நிறுவனத்தின் மூடிய தொழில்நுட்பம், திறந்த தரங்களுக்கு அதை முன்னோடியாக்குவது தகுமா என்று கேட்கலாம். இங்கே வாரிசுரிமை கோரப்படவில்லை. விகிதம் வேறுபடும் இரு செவ்வகங்களைப் பொருத்த இடம் விடுவது, வெட்டுவது, உருக்குலைப்பது, தொடாமல் விடுவது என்பவையே அடிப்படை வழிகள். தனித்தனியே உருவானவை அங்கேயே வந்து சேர்வது வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. எல்லாம் வடிவியல் என்றால் வரலாற்றுக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். எது இயல்புநிலை என்பதில்தான் வரலாறு ஒட்டியிருக்கிறது. இன்றும் உலாவிகள் நிழற்படத்தை இயல்பாக இழுத்து நிரப்புகின்றன. காணொளியை விகிதம் கெடாமல் அடக்குகின்றன. முன்னது பழைய பண்புகளின் எச்சம் எனக் கொள்வதே பொருத்தம்.

2007இல் வந்த ஐபோனின் 320 பிக்சல் அகலத் திரை பிக்சல் கணக்குகளைக் கலைத்தது. அதில் பிளாஷும் ஓடவில்லை. 2010இல் ஈத்தன் மார்காட் முன்வைத்த நெகிழ்வு வடிவமைப்பைப் பின்பற்றிய பலர் அகல உயர எண்களையே கைவிட்டனர். விளைவு, படம் வந்து சேரும்வரை உயரம் சுழியம். வந்ததும் படித்துக்கொண்டிருந்த வரி கீழே குதித்தது. 16:9 காணொளிக்கு 56.25 விழுக்காடு உள்விளிம்பு வைத்து இடம் பிடிக்கும் தந்திரம் இதற்கு மாற்றாகப் பரவியது. 2019 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் 71, குரோம் 79 ஆகியவை அந்தப் பழைய அகல உயர எண்களையே விகிதமாக வாசிக்கத் தொடங்கின. 2021 ஜனவரியில் குரோம் 88 விகிதத்துக்கெனத் தனிப் பண்பை ஏற்றது. அதே மாதம் 12ஆம் தேதி முதல், அப்போது பிளாஷின் உரிமையாளராக இருந்த அடோபி, பிளாஷ் உள்ளடக்கத்தை முடக்கியது.

468×60 விளம்பரப் பட்டை போன்றவற்றுக்கு மாறா அளவு தேவைதானே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்தப் பட்டையே 320 பிக்சல் திரையில் அடங்காது. மாறா அளவு ஒரு தெரிவாக இருக்கலாம், பொது விதியாக இருக்க இயலாது. படைப்பாளி விகிதத்தை அறிவிப்பார், பொருத்தும் வழியைப் பக்கம் சொல்லும், இறுதி எண்ணைத் திரை கணக்கிடும். 2019இல் பழைய பண்புகள் மீண்டும் பயன்பட்டதற்கும் இந்த வேலைப்பிரிவினையே காரணம்: எண்கள் மாறவில்லை, அவற்றுக்குரிய அதிகாரம் மாறியது.