கில்கால்

கில்கால், எபிரேய வேதாகமத்தில் எரிகோவுக்குக் கிழக்கே யோர்தான் சமவெளியில் இருந்ததாகக் குறிப்பிடப்படும் இடம். யோசுவாவின் தலைமையில் யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் கானானில் முதன்முதலாகப் பாளயமிறங்கியது இங்கேதான் (யோசுவா 4:19). பன்னிரண்டு நினைவுக் கற்கள், விருத்தசேதனம், எகிப்திய விடுதலையை நினைவுகூரும் பஸ்கா, வானத்து உணவான மன்னா நின்றுபோனது ஆகிய நான்கும் இவ்விடத்தோடு தொடர்புடையவை. பின்னர் முதல் அரசனாகிய சவுலின் ஆட்சி உறுதியானதும் குலைந்ததும் இங்கேயே. புதிய தொடக்கத்துக்கு ஒரு மக்கள் கூட்டம் எப்படி ஆயத்தப்பட வேண்டும் என்பதையும், அந்தத் தொடக்கம் எப்படிக் கைநழுவிப் போகும் என்பதையும் வேதாகமம் இந்த ஒரே இடத்தில் வைத்துச் சொல்கிறது.

பெயரும் இடமும்

எகிப்தின் நிந்தை இங்கே புரட்டித் தள்ளப்பட்டது என்று, ‘புரட்டுதல்’ என்னும் எபிரேயச் சொல்லோடு இணைத்து, யோசுவா 5:9 இப்பெயருக்குக் காரணம் கூறுகிறது. வட்டமாக அடுக்கிய கற்களைக் குறித்த பொதுப்பெயராகவும் இது இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேதாகமத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கில்கால்கள் வருவதற்கு இதைக் காரணமாகக் காட்டுவர்.

இவ்விடம் யோர்தானிலிருந்து 50 ஸ்தாதியும் எரிகோவிலிருந்து 10 ஸ்தாதியும் தொலைவில் இருந்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியுள்ளார். 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாதபா மொசைக் வரைபடத்தில் பன்னிரண்டு கற்களோடு கில்கால் காட்டப்பட்டிருக்கிறது. கிர்பத் அல்-மஃப்ஜர், கிர்பத் அந்-நித்லா ஆகியவை அடையாளம் காண முன்மொழியப்பட்ட இடங்கள், எதுவும் உறுதியாகவில்லை.

ஆற்றைக் கடத்தல்

கடப்பதற்கு முன் மக்கள் மூன்று நாள் ஆற்றங்கரையில் தங்கினர். மறுநாள் நிகழவிருப்பதற்காகத் தங்களைப் பரிசுத்தப்படுத்திக்கொள்ளும்படி யோசுவா கட்டளையிட்டார் (3:5). அதற்கான முறை இங்கே விவரிக்கப்படவில்லை. ஆனால் சீனாய் மலையடியில் இதே கட்டளை வந்தபோது, மக்கள் ஆடைகளைத் துவைத்தார்கள். தாம்பத்திய உறவைத் தவிர்த்தார்கள். மூன்றாம் நாளுக்குக் காத்திருந்தார்கள் (யாத்திராகமம் 19:10-15). உடன்படிக்கைப் பெட்டிக்கும் மக்களுக்கும் இடையே 2,000 முழம் இடைவெளி விடவேண்டும் என்பது யோர்தான் கரையில் சேர்ந்த புதிய ஒழுங்கு. முன்பின் நடந்திராத வழி என்பதால் பெட்டியைப் பார்த்தே நடக்கவேண்டும் என்று காரணமும் சொல்லப்படுகிறது.

அது அறுவடைக்காலம், ஆறு கரைபுரண்டு ஓடியது. பெட்டியைச் சுமந்த ஆசாரியரின் கால் தண்ணீரில் பட்ட பின்னரே நீரோட்டம் ஆதாம் ஊரருகே நின்றது. இந்த ஊரை ஆய்வாளர்கள் யோர்தான் கரையிலுள்ள தாமியாவோடு இணைக்கின்றனர். 1267-இல் அந்தப் பகுதியில் கரை சரிந்து ஆறு சில மணி நேரம் தடைபட்டதாக அரபு வரலாற்றாசிரியர் நுவைரி பதிவு செய்திருக்கிறார்.

பாளயத்தில் நடந்தவை

மக்கள் கரையேறியது முதல் மாதம் 10-ஆம் நாள். எகிப்தில் பஸ்கா ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுக்கக் குறிக்கப்பட்ட நாளும் அதுவே (யாத்திராகமம் 12:3). இந்தத் தேதிப் பொருத்தத்தால், விடுதலையின் தொடக்கமும் குடியேற்றத்தின் தொடக்கமும் ஒரே நாட்காட்டியில் அமைகின்றன.

ஆற்றின் நடுவிலிருந்து கோத்திரத்துக்கு ஒன்றாக எடுத்துவந்த பன்னிரண்டு கற்கள் கில்காலில் நாட்டப்பட்டன. பிள்ளைகள் பின்னாளில் இவற்றைப் பற்றிக் கேட்கும்போது பெற்றோர் நடந்ததை எடுத்துச்சொல்ல வேண்டும் என்பது இவற்றின் நோக்கம்.

எகிப்திலிருந்து வந்த வழியில் வனாந்தரத்தில் பிறந்த ஆண்கள் விருத்தசேதனம் பெறாதவர்கள். கல்லால் செய்த கத்திகளைக் கொண்டு யோசுவா அதை நிறைவேற்றினார். போர்க்கணக்கில் இது பெரும் ஆபத்து. பின்னால் வெள்ளம், முன்னால் எரிகோ, போர்வீரர்களோ காயம் ஆறும்வரை எழமுடியாத நிலை. விருத்தசேதனம் செய்துகொண்ட சீகேம் ஊராரை மூன்றாம் நாளில் யாக்கோபின் மகன்கள் வெட்டிய கதை ஆதியாகமம் 34-இல் உண்டு. அந்த ஆபத்தை அறிந்தும் சடங்கையே முன்னே வைக்கிறது யோசுவா நூல். கானானிய அரசர்கள் ஏற்கெனவே மனம் கலங்கியிருந்தார்கள் என்று மட்டும் 5:1-இல் குறிப்பிடுகிறது.

14-ஆம் நாள் மாலை பஸ்கா ஆசரிக்கப்பட்டது. மறுநாள் மக்கள் அந்த நாட்டு விளைச்சலில் புளிப்பில்லா அப்பமும் வறுத்த தானியமும் உண்டனர். அதற்கு அடுத்த நாள் மன்னா நின்றது. நாற்பது ஆண்டுக் காலம் அன்றன்று வானத்திலிருந்து கிடைத்த உணவுக்குப் பதிலாக, இனி உழுது விதைத்து உண்ணும் வாழ்வு தொடங்கியது.

சவுலும் தீர்க்கதரிசிகளும்

சவுல் அம்மோனியரை வென்றபின், அரசாட்சியைப் புதுப்பிக்க மக்களைத் தீர்க்கதரிசி சாமுவேல் கில்காலுக்கே அழைத்தார் (1 சாமுவேல் 11:14). இங்கேயே சாமுவேலுக்காக ஏழு நாள் காத்திருந்த சவுல், வீரர்கள் கலைந்துபோவதைக் கண்டு தானே பலியிட்டுக் கண்டனத்துக்கு உள்ளானார். அமலேக்கியப் போருக்குப்பின் அவர் அரசராக இராதபடி தள்ளப்பட்டதும் இங்கேதான். போர்வீரர்களை முடக்கிவைத்தும் யோசுவா நிறைவேற்றிய ஆயத்தத்துக்கு நேர் எதிரானது சவுலின் அவசரம்.

கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோசும் ஓசியாவும் கில்காலின் வழிபாட்டைக் கடுமையாகச் சாடினர். நீதி இல்லாத இடத்தில் பலிகள் பெருகுவது குற்றத்தையே பெருக்கும் என்பது ஆமோசின் வாதம். மீகாவோ, யோர்தானைக் கடக்குமுன் பாளயமிருந்த சித்தீமிலிருந்து கில்கால்வரை நடந்ததை நினைத்துப் பார்க்கும்படி மக்களைக் கேட்கிறார் (6:5). இடத்தின் புனிதத்தைவிட அந்தப் பயணத்தின் நினைவே அவருக்கு முக்கியம்.

ஆய்வு

கில்காலில் ஆண்டுதோறும் யோர்தானைக் கடந்ததை நடித்துக்காட்டும் திருவிழா இருந்தது என்றும், யோசுவா 3-5 அதிகாரங்கள் அதிலிருந்து உருவானவை என்றும் ஜெர்மன் அறிஞர் ஹான்ஸ்-யோவாகிம் க்ராவுஸ் 1951-இல் கருதினார். பெட்டியின் ஊர்வலம், கற்கள், பஸ்கா ஆகியவற்றின் வரிசை இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அப்படியொரு விழாவுக்கு வேதாகமத்துக்கு வெளியே சான்றில்லை. எரிகோவில் 1952-1958-இல் கேத்லீன் கென்யன் நடத்திய அகழாய்வில் யோசுவாவின் காலத்துக்குரிய அரணுள்ள நகரத்துக்குச் சான்று கிடைக்காததால், யோசுவா நூலை நேரடி வரலாறாகக் கொள்ளப் பல தொல்லியலாளர் தயங்குகின்றனர்.

வழிபாட்டு மரபில்

3-ஆம் நூற்றாண்டில் ஓரிகென் தம் யோசுவா பிரசங்கங்களில் யோர்தானைக் கடந்ததை ஞானஸ்நானத்தின் முன்னடையாளமாக விளக்கினார். யூத ஜெப ஆலயங்களில் பஸ்காவின் முதல் நாளில் கில்கால் பஸ்காவைச் சொல்லும் யோசுவா 5-ஆம் அதிகாரப் பகுதி தீர்க்கதரிசன வாசகமாக இடம்பெறுகிறது. இஸ்ரவேல் நாட்டுக்கு வெளியே மரபுவழி யூதர் இரண்டாம் நாளையும் கொண்டாடுகின்றனர். அன்றைய வாசகம் 2 இராஜாக்கள் 23. யோசியா அரசர் ஆலயத்தைச் சுத்திகரித்து, உடன்படிக்கையைப் புதுப்பித்து, அதன்பின் ஆசரித்த பஸ்காவை அது சொல்கிறது.