எட்டயபுரத்தின் 1904

பாரதி விழாவுக்கு எட்டயபுரம் வருகிறவர்கள் அவர் பிறந்த வீட்டைப் பார்க்கிறார்கள், மணிமண்டபத்தில் கவியரங்கம் கேட்கிறார்கள், மாலையில் கோவில்பட்டி பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆனால் இதே ஊரின் அட்டக்குளக் கரையில் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் இந்த மண்ணில்தான் அடங்கியிருக்கிறார்.

மூவருக்கும் பொது அரண்மனை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். உண்மைதான். உமறுவின் ஆசான் கடிகைமுத்துப் புலவர் சமஸ்தானப் புலவர். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சமஸ்தான வித்துவான். பாரதிக்கும் அங்கே சில காலம் வேலை. ஆனால் எனக்கு அரண்மனையைவிட 1904ஆம் ஆண்டுதான் பெரிதாகப் படுகிறது.

1835 தீபாவளியன்று தீட்சிதர் மறைந்தார். ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து, அவருடைய கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு திரட்டிய ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’, தெலுங்கு எழுத்தில், இவ்வூர் வித்யா விலாசினி அச்சகத்திலிருந்து வெளிவந்தது. தொகுத்தவர் பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரர் சுப்பராம தீட்சிதர். அப்போது வயது 65. எழுதியே ஆகவேண்டும் என்று அவரை விடாமல் நச்சரித்த சின்னசாமி முதலியார் ஒரு கிறிஸ்தவர். அதற்கு முன்பே இங்கே உமறு என்ற இஸ்லாமியக் காப்பியப் புலவனுக்கு இந்துப் புலவர் ஆசான். மேடையில் நல்லிணக்கம் பேசுகிறவர்கள் உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம்!

அதே 1904இல்தான் 21 வயது பாரதி அரண்மனை வேலையை உதறி, மதுரை சேதுபதி பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போனார். கிழவர் இருந்ததைக் காத்து வைத்தார். இளைஞர் புதியது தேடிக் கிளம்பினார். இத்தனை சிறிய ஊரில் இருவரும் அறிமுகமில்லாமல் இருந்திருப்பார்களா? ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் பின்னாளில் பாரதி, தீட்சிதர் கீர்த்தனைகளின் கம்பீரத்தை ஒப்புக்கொண்டே, பாடிய பாட்டையே பொருள் தெரியாமல் திரும்பப் பாடும் வித்துவான்களைச் சாடினார். அந்த வழக்கின் வாதி பிரதிவாதி இரண்டுமே எட்டயபுரம் என்றுதான் நான் படிக்கிறேன்.

கவியரங்கம் நடக்கும் பாரதி மணிமண்டபம் அரண்மனை கட்டியதல்ல. கல்கி நன்கொடை கேட்டார், வாசகர்கள் அனுப்பினார்கள்; 1945இல் அடிக்கல், 1947 அக்டோபரில் திறப்பு, இரண்டும் ராஜாஜி கையால். ஊர்கூடி எழுப்பிய இடத்தில் ஊர் முழுவதும் நுழைய வேண்டும்.

விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். வருகிற டிசம்பர் 11இல் கவியரங்கத்தைச் சற்றுத் தாமதமாகத் தொடங்குங்கள். உமறு அடங்கிய இடத்தில் சீறாவின் ஒரு படலம், அட்டக்குளக் கரையில் ஒரு கீர்த்தனை. அப்புறம் எல்லோருமாக மண்டபத்துக்கு நடந்து வருவோம்.