உருவாகும் விதத்தைக் காணும் களிப்பு: தன்னைத்தானே காட்டும் சினிமா குறித்து

திரைப்படம் எடுப்பதையே பொருளாகக் கொண்ட பரிசோதனைப் படங்கள் பார்வையாளரை மகிழ்விக்க வேண்டுமா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் களிப்பு என்றாலே கதையில் மூழ்குவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அனுமானம் தவறு. கதையைப் பறித்துக்கொள்ளும் படம் அதற்கு ஈடாக, ஒரு பொருள் உருவாகும் விதத்தைக் கண்ணெதிரே காணும் களிப்பைத் தந்தாக வேண்டும். சோவியத் இயக்குநர் ஜிகா வெர்தோவின் 'மேன் வித் எ மூவி கேமரா' (1929) இதற்கு முதன்மையான சான்று. கதை, நடிகர், இடைத்தலைப்பு எதுவும் இல்லாத சோதனை முயற்சி என்று படம் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. நடுவில் ஓரிடத்தில், வண்டி இழுத்து ஓடிக்கொண்டிருக்கும் குதிரை திடீரென உறைகிறது. அடுத்து சில முகங்களும் அசையாப் படங்களாக வருகின்றன. பிறகு அவை வெறும் பிலிம் துண்டுகளாகத் தெரிகின்றன. படத்தொகுப்பாளர் எலிசவெத்தா ஸ்விலோவா கத்தரியோடு மேசையில் அமர்ந்து சுருள்களைப் பிரித்து அடுக்குகிறார். சற்று நேரத்தில் அவர் கையிலிருந்த துண்டில் உள்ள குழந்தை திரையில் உயிர்பெற்றுச் சிரிக்கிறது. அசைவு எங்கிருந்து பிறக்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன பாடநூல் இல்லை. அதைப் பார்த்து முகம் மலராதவரும் அரிது.

நடிப்புப் படங்களை மக்களுக்கான அபின் என்று சாடியவரே வெர்தோவ். அவரைக் களிப்பின் பக்கம் நிறுத்தலாமா என்று கேட்கலாம். அவர் சாடியது மயக்கத்தை. அவர் படத்திலேயே ஒரு வித்தைக்காரரைச் சிறுவர்கள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். கேமரா முக்காலியில் தானாக ஏறி நடைபயிலும்போது, படத்துக்குள் இருக்கும் அரங்கின் பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பை வேண்டாதவர் அந்த முகங்களைத் தொகுப்பில் விட்டுவைத்திருக்க மாட்டார். இதையெல்லாம் வெற்றுக் கேமராச் சேட்டை என்று சக சோவியத் இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைன் கடிந்தார். அவரது கண்டனம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இரட்டைப் பதிவுக் காட்சிகள் சிலவற்றுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஸ்விலோவாவின் மேசைக்கு அது பொருந்தாது. அங்கே வித்தையும் அதன் சூட்சுமமும் சேர்ந்தே வைக்கப்படுகின்றன.

கடினமான மறுப்பு, வேண்டுமென்றே சலிப்பைக் கையாளும் படங்களிலிருந்து வருகிறது. வில்லியம் கிரீவ்ஸ் 1968இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் எடுத்த 'சிம்பியோசைக்கோடாக்சிபிளாசம்: டேக் ஒன்', ஒரு தம்பதியின் சண்டையை வெவ்வேறு நடிகர்களை வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. வசனம் சுமார்தான். பொறுமையிழந்த படக்குழுவினர் இயக்குநர் இல்லாத நேரத்தில் கூடி, அவருக்கு வேலை தெரியுமா என்றே விவாதித்து அதையும் படம்பிடிக்கிறார்கள். கிரீவ்ஸ் அந்த விவாதத்தையும் தம் படத்தில் சேர்த்துக்கொண்டார். இயக்குநர் திறமையற்றவரா, அப்படி நடிக்கிறாரா என்ற ஐயம் எந்தத் துப்பறியும் கதைக்கும் குறையாத பரபரப்பைத் தருகிறது. சலிப்பு இங்கே முதலீடு. வட்டி அந்த விவாதத்தில் கிடைக்கிறது. அப்படியானால் ஏன் ஓடவில்லை என்பார்கள். அது திரையரங்குகளுக்கே வரவில்லை. 1991இல் புரூக்ளின் அருங்காட்சியகம் கிரீவ்ஸின் படங்களைத் திரையிட்ட பிறகுதான் பரவலான கவனம் கிட்டியது. நடிகர் ஸ்டீவ் புசெமி, இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் ஆகியோரின் ஆதரவோடு 2005இல் தொடர்ச்சியும் வந்தது. படப்பிடிப்புக்கும் 1991க்கும் இடைப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், படம் சலிப்பூட்டுகிறது என்று சொல்லும் வாய்ப்புகூடப் பொதுப் பார்வையாளருக்குக் கிடைக்கவில்லை.